கிளை போனால் கடனும் போகும்!

வங்கிகள் இணைகின்றன... கடைவீதியின் கணக்கை இனி யார் படிப்பது?

காலை மணி பத்தேகால். வங்கிக் கிளையின் கம்பிக் கதவு பாதி இழுத்துவிடப்பட்டிருக்கிறது. அதில் செலோடேப் போட்டு ஒட்டிய தாளில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழியிலும் ஒரே அறிவிப்பு: இந்தக் கிளை வரும் மாதம் முதல் பக்கத்து ஊர்க் கிளையுடன் இணைக்கப்படுகிறது, கணக்கு எண் மாறாது, ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறும், சிரமத்துக்கு வருந்துகிறோம். பென்ஷன் எடுக்க வந்த பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அதை இரண்டாம் முறையாகப் படிக்கிறார். மளிகைக்கடைப் பையன் நேற்றைய வசூலை மஞ்சள் பையில் சுருட்டிப் பிடித்தபடி தாளைச் செல்போனில் படமெடுத்து முதலாளிக்கு அனுப்புகிறான். அவர்களுக்குப் பின்னால், கையில் ஒரு பழுப்புக் கவருடன் தறிப்பட்டறைக்காரர் ஒருவர். கவருக்குள் அந்த மாதத்து ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது கடனுக்காக வங்கிக்குக் காட்ட வேண்டிய சரக்கிருப்புக் கணக்கு. அதை உள்ளே இருக்கும் மேனேஜரிடம் கொடுப்பதா, பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவதா என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

2019-க்கும் 2021-க்கும் இடையில் பொதுத்துறை வங்கிகள் இணைக்கப்பட்ட நாட்களில், இந்தியாவின் பல கடைவீதிகள் பார்த்த காட்சி இது. பெரியவருக்கு இனி பஸ் செலவு. மளிகைக்கடைக்குத் தினமும் ஒரு மணி நேர அலைச்சல், கூடவே சில்லறைத் தட்டுப்பாடு. இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற கஷ்டங்கள் என்பதால் அவற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தறிப்பட்டறைக்காரருக்கு நேரப்போவது உடனே தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கடன் வரம்பைப் புதுப்பிக்கப் போகும்போதுதான், தன் தொழிலை அறிந்தவர் எவரும் அந்தப் பெரிய கிளையில் இல்லை என்று அவர் உணர்வார். கிளை மூடலால் சிறுதொழில் இழப்பவற்றில் மிகப் பெரியது, தன்னை அறிந்து கடன் கொடுக்கும் ஆளைத்தான். பணம் போட்டு எடுக்கும் கவுன்டருக்கு மாற்று வந்துவிட்டது. அந்த ஆளுக்கு வரவில்லை.

27-லிருந்து 12

பின்னணி சுருக்கமாக இதுதான். 2017 ஏப்ரல் 1 அன்று ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் ஸ்டேட் வங்கிக்குள் போயின. 2019 ஏப்ரல் 1 அன்று விஜயா வங்கியும் தேனா வங்கியும் பாங்க் ஆஃப் பரோடாவில் கலந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, பத்து வங்கிகள் நான்காகும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2020 ஏப்ரல் 1 முதல் சிண்டிகேட் வங்கி கனராவுக்குள்ளும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கிக்குள்ளும், ஓரியன்டல் வங்கியும் யுனைடெட் வங்கியும் பஞ்சாப் நேஷனலுக்குள்ளும், அலகாபாத் வங்கி நம் இந்தியன் வங்கிக்குள்ளும் அடங்கின. 27 பொதுத்துறை வங்கிகள் 12 ஆயின. ஒரே தெருவில் ஒரே வங்கிக்கு இரண்டு போர்டு எதற்கு என்ற கேள்வி எழுந்தது. விடையாகப் பல ஊர்களில் ஒரு போர்டு இறங்கியது.

தமிழகத்துக்கு இது புதிதில்லை. திருநெல்வேலியின் பாங்க் ஆஃப் தமிழ்நாடு, பாங்க் ஆஃப் தஞ்சாவூர் இரண்டும் 1990-ல் மறைந்தன. கருமுத்து தியாகராசன் செட்டியார் 1943-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா, 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ.யில் சேர்ந்தது. கரூர் வியாபாரிகள் ஏழு பேர் 1926-ல் ஆரம்பித்த லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. உள்ளூர் வியாபாரிகளுக்கு உள்ளூர் வியாபாரிகளே கடன் கொடுக்க எழுந்த அந்த வங்கி, பின்னாளில் பெருங்கடன்களின் பக்கம் திரும்பியது. 2020 மார்ச் நிலவரப்படி அது கொடுத்திருந்த கடனில் நான்கில் ஒரு பங்கு வாராக்கடன்.

┃ பெட்டிச் செய்தி: ஒரே ஆண்டில் 2,118
┃ 2020-21 நிதியாண்டில் பொதுத்துறை வங்கிகள் மூடிய அல்லது வேறு கிளையுடன் இணைத்த கிளைகள் 2,118 என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி தந்த பதில் சொல்கிறது.
┃ பாங்க் ஆஃப் பரோடா 1,283; ஸ்டேட் வங்கி 332; பஞ்சாப் நேஷனல் 169; யூனியன் வங்கி 124; கனரா 107; இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 53; சென்ட்ரல் வங்கி 43; இந்தியன் வங்கி 5; மீதி இரு வங்கிகளில் தலா ஒன்று.
┃ 2015-16-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி நாட்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சுமார் 6.34 கோடி. அவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் குறுந்தொழில்கள். தமிழ்நாட்டின் பங்கு சுமார் 49.5 லட்சம்.

சில்லறையும் அலைச்சலும்

முதலில் கவுன்டர். யு.பி.ஐ. வந்த பிறகு கடைக்காரருக்கு வங்கியில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் மட்டும் யு.பி.ஐ. மூலம் நடந்த பரிவர்த்தனைகள் 1,658 கோடி. டீக்கடையிலும் பூக்கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் ரொக்கம் ஒழியவில்லை, பெருகியிருக்கிறது. 2016 நவம்பரில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 2024 மார்ச்சில் சுமார் 35 லட்சம் கோடி. காய்கறி மண்டி, ஆட்டுச்சந்தை, வாரக்கூலி, லாரி வாடகை எல்லாம் இன்னும் பெரும்பாலும் நோட்டில்தான். கிளை பக்கத்தில் இல்லாதபோது வசூல் பணம் கல்லாவிலும் பீரோவிலும் தூங்குகிறது. அதற்குத் திருட்டு பயம் ஒரு விலை. வட்டிக்கு வாங்கிய கடனைக் குறைக்காமல் வீட்டில் கிடப்பது இன்னொரு விலை. சி.சி. லிமிட் எனப்படும் ரொக்கக் கடன் வரம்பில் அன்றன்று பணம் கட்டினால் அன்றன்று வட்டி குறையும். மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டினால் இடைப்பட்ட நாட்களின் வட்டி கூடுதல்.

இந்த இடத்தை, வங்கியின் சார்பில் பணம் வாங்கிக் கொடுக்கும் முகவர்களான வங்கித் தொடர்பாளர்கள் நிரப்புவார்கள் என்கிறது அரசு. கிராமத்தில் முதியோர் உதவித்தொகை எடுக்கவும் நூறுநாள் வேலைக் கூலி எடுக்கவும் அவர்கள் பேருதவி. அதை மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் கையிலிருக்கும் கருவியில் ஆதார் வழியாக ஒரு தடவைக்கு எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். சுமாரான மளிகைக்கடையின் ஒரு நாள் வசூலே அதைத் தாண்டும். கரன்ட் அக்கவுன்ட் வைத்திருக்கும் வியாபாரியை நினைத்து உருவாக்கிய ஏற்பாடல்ல அது.

கிளை இருக்கும் தெருவுக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. சுற்றுப்பட்டுக் கிராமத்திலிருந்து நகையை மீட்க வருபவர் அப்படியே உரம் வாங்குவார், பிள்ளைக்குச் சட்டை எடுப்பார், ஓட்டலில் சாப்பிடுவார். வங்கி வாசலில் ஜெராக்ஸ் கடை, செலான் எழுதித் தருபவர், டீக்கடை. கிளை நகர்ந்தால் அந்தக் கூட்டம் பெரிய ஊருக்குப் போகிறது. போன இடத்திலேயே உரத்தையும் சட்டையையும் வாங்கிவிடுகிறது.

எதிர்பார்க்கும் விற்பனை என்ற ஒரு வரி

இனி அந்தப் பழுப்புக் கவருக்கு வருவோம். சிறுதொழிலுக்கு நடைமுறை மூலதனக் கடன் எவ்வளவு கொடுப்பது என்பதற்கு, 1990-களின் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் நாயக் குழு பரிந்துரைத்த எளிய கணக்கு ஒன்று வங்கிகளில் இன்றும் புழங்குகிறது. வரும் ஆண்டில் எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம். ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய்க்குத் துணி விற்பார் என்று எதிர்பார்த்தால் லிமிட் 12 லட்சம். கணக்கு சின்னதுதான், ஆனால் 'எதிர்பார்க்கும்' விற்பனையை முடிவு செய்வது யார்? பட்டறைக்காரர் 60 லட்சம் என்கிறார். கடந்த ஆண்டு நடந்தது 45 லட்சம். இந்த 15 லட்சம் நம்பத்தக்கதா? நாலு புதுத் தறி ஓடுகிறதா, அந்த எக்ஸ்போர்ட்டர் உண்மையிலேயே ஆர்டர் தந்திருக்கிறாரா, போன தீபாவளிக்கு விற்பனை சரிந்தது தொழில் நொடித்ததாலா, நூல் விலை ஏறியதாலா? இதற்கெல்லாம் விடை பாலன்ஸ் ஷீட்டில் இருக்காது. பட்டறையை மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்கும், அதே தெருவில் நூல் கடைக்கும் சாயப்பட்டறைக்கும் கணக்கு வைத்திருப்பவருக்கும்தான் தெரியும். அந்த வரியில் 60 என்று எழுதுவதா 45 என்று எழுதுவதா என்பதில் லிமிட் 12 லட்சமா 9 லட்சமா என்பது அடங்கியிருக்கிறது. வித்தியாசம் 3 லட்சம். ஒரு சிறு பட்டறைக்கு அது ஒரு லோடு நூல்.

இந்த அறிவுதான் கிளை மூடும்போது தொலைகிறது. கோப்பு இடம் மாறிப் போகும். கோப்பில் எழுதாதது போகாது. ஏற்கும் கிளையிலோ ஏற்கெனவே வேலைப் பளு. நூற்றுக்கணக்கான புதுக் கணக்குகள் ஒரே நாளில் வந்து விழும்போது, அங்குள்ள அதிகாரி பாதுகாப்பான முடிவையே எடுப்பார். நடந்த விற்பனையை மட்டும் எடுத்துக்கொள்வார், கூடுதல் ஈடு கேட்பார், சந்தேகம் வந்தால் வரம்பைக் குறைப்பார். அவர்மேல் குறை சொல்ல முடியாது. தெரியாத ஆளுக்குக் கொடுத்து வாராக்கடனானால் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான்.

கர்நாடகக் கடலோரத்து வங்கிகள் இந்த அறிவைத் திட்டமிட்டே சேர்த்தன. 1925-ல் உடுப்பியில் பிறந்த சிண்டிகேட் வங்கி, 1928-ல் பிக்மி சேமிப்பைக் கொண்டுவந்தது. ஏஜென்ட் தினமும் கடை வாசலுக்கு வந்து இரண்டணா வாங்கிப் போவார். சேமிப்பு ஒரு பக்கம்; எந்தக் கடை தினமும் தவறாமல் கட்டுகிறது, எது திணறுகிறது என்பது வங்கிக்கு அன்றாடம் தெரிந்தது இன்னொரு பக்கம். சிண்டிகேட், 1906-ல் அதே உடுப்பியில் தொடங்கிய கார்ப்பரேஷன் வங்கி, 1931-ல் மங்களூரில் பிறந்த விஜயா வங்கி ஆகிய மூன்றும் ஓராண்டு இடைவெளிக்குள் பெயரிழந்தன.

அமெரிக்க ஆய்வு சொல்வது

'கிளை மூடினால் கடன் குறையும் என்பதற்கு என்ன ஆதாரம்? வியாபாரம் படுத்த ஊரில்தானே கிளையை மூடுகிறார்கள்? கடன் குறைந்ததற்குக் காரணம் படுத்த வியாபாரமாக இருக்கலாமே?' இது நியாயமான கேள்வி. இதற்கு நல்ல விடை தந்தவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பெர்க்லி வளாகத்துப் பொருளாதார ஆய்வாளர் ஹோவாய்-லூ நுயென். 2000-களில் அமெரிக்காவில் நடந்த கிளை மூடல்களை ஆராய்ந்து 2019-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் உத்தி நமக்கு மிகப் பொருத்தமானது. இரண்டு பெரிய வங்கிகள் இணையும்போது, இரண்டுக்கும் கிளை இருக்கும் வட்டாரத்தில் ஒன்று மூடப்படும் வாய்ப்பு அதிகம். அந்த மூடலுக்குக் காரணம் எங்கோ தலைநகரத்தில் கையெழுத்தான இணைப்பு. அந்தத் தெருவின் வியாபாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே மூடலுக்குப் பின் கடன் குறைந்தால் அதை மூடலின் விளைவு என்றே கொள்ளலாம்.

அவர் கண்டது: ஆண்டுக்குச் சராசரியாக 47 லட்சம் டாலர் சிறுதொழில் கடன் கிடைத்துவந்த வட்டாரத்தில், மூடலுக்குப் பின் ஆண்டுக்கு 4.53 லட்சம் டாலர் குறைந்தது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தச் சரிவு ஆறு ஆண்டுகள் வரை நீடித்தது. மூடிய கிளையைச் சுற்றி ஆறு மைலுக்குள்தான், அதாவது சுமார் பத்து கிலோமீட்டருக்குள்தான் அது தெரிந்தது. அதற்கு அப்பால் இல்லை. 2008 நிதி நெருக்கடிக் காலத்தில் அடி இன்னும் பலமாக விழுந்தது. வீட்டுக்கடனில் ஏற்பட்ட பாதிப்போ தற்காலிகமானதாகவே இருந்தது. இந்த வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டுக்கடனுக்குச் சம்பளச் சீட்டும் வீட்டுப் பத்திரமும் போதும். எந்த ஊரில் உட்கார்ந்தும் பரிசீலிக்கலாம். சிறுதொழில் கடனுக்கு ஆளை அறிந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் இவை வங்கியே இல்லாமல் போன இடங்கள் அல்ல. வேறு வங்கிகளின் கிளைகள் திறந்தே இருந்தன. அவற்றால் இழப்பை ஈடுகட்ட முடியவில்லை.

நம் நாட்டு அனுபவம் இதையே மறுமுனையிலிருந்து காட்டுகிறது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1977-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது: ஏற்கெனவே வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் திறக்க வேண்டும். 1990 வரை நடப்பில் இருந்த அந்த விதியின் பலனை ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே இருவரும் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். கிளைகள் போன இடங்களில் கிராமப்புற வறுமை குறைந்தது, விவசாயம் அல்லாத உற்பத்தி பெருகியது என்பது அவர்கள் முடிவு. விவசாயம் அல்லாத உற்பத்தி என்றால் தறி, செங்கல் சூளை, அரைவை மில், பெட்டிக்கடை. கிளை வந்தபோது அவை வளர்ந்தன என்றால், கிளை போகும்போது அவற்றுக்கு என்ன ஆகும் என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

செயலியும் தண்டலும்

வலுவான மறுப்பு ஒன்று தொழில்நுட்பத்தின் பக்கமிருந்து வருகிறது. ஜி.எஸ்.டி. கணக்கும் யு.பி.ஐ. வரவும் கணினியில் இருக்கின்றன. மேனேஜரின் ஞாபகத்தைவிட அவை நம்பகமானவை. மேனேஜருக்குச் சாதி உண்டு, சொந்தம் உண்டு, சலுகை உண்டு, கணினிக்கு இல்லை என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பெண் தொழில்முனைவோரையும் தலித் தொழில்முனைவோரையும் கிளை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மேனேஜர்களின் கதைகள் குறைவில்லை. தரவை வைத்துக் கடன் கொடுக்கும் முறை அவர்களில் சிலருக்குக் கதவு திறந்திருப்பதை வரவேற்க வேண்டும். ஆனால் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாத, பாதி வியாபாரம் ரொக்கத்தில் நடக்கும் கடைக்குத் தரவில் பாதிதான் தெரியும். இருக்கும் தரவும் விற்பனை குறைந்தது என்று சொல்லுமே தவிர, எதிரில் பாலம் கட்டுவதால் நாலு மாதம் தெரு அடைபட்டிருந்தது என்று சொல்லாது. விற்பனை சரியும்போது செயலி கடனை நிறுத்திவிடும். தொழிலுக்குக் கடன் அவசரமாகத் தேவைப்படுவது அப்போதுதான். நிதி நெருக்கடிக் காலத்தில் கிளை மூடப்பட்ட வட்டாரங்கள் கூடுதலாக அடிபட்டன என்ற நுயெனின் முடிவும் இதோடு ஒத்துப்போகிறது.

வங்கி விட்ட இடத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதை எந்தக் கடைவீதியிலும் மாலை ஆறு மணிக்குப் பார்க்கலாம். சிறு நோட்டுப் புத்தகத்துடன் பைக்கில் வரும் தண்டல் வசூல்காரர். பத்தாயிரம் கேட்டால் ஒன்பதாயிரம் கையில். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பத்து சதவீத வட்டி போலத் தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. எட்டாயிரத்து ஐந்நூறுதான் கையில் கொடுத்தால் அது இன்னும் எங்கோ போகும். அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் தண்டல் ஓடுகிறது. காரணம், தண்டல்காரருக்குக் கடைக்காரரைத் தெரியும். தினம் வருகிறார், கல்லாவைப் பார்க்கிறார், யார் வீட்டில் கல்யாணம் என்று அறிந்திருக்கிறார். பிக்மி ஏஜென்ட் செய்த அதே வேலைதான். ஆளை அறிவதன் லாபத்தை ஒரு காலத்தில் வங்கி நியாய வட்டியில் வாடிக்கையாளரோடு பகிர்ந்துகொண்டது. இன்று அது முழுதாகத் தண்டல்காரரிடம் போகிறது.

தமிழ்நாட்டில் கடன் நிறையவே கிடைக்கிறது, வங்கிகள் திரட்டும் டெபாசிட்டைவிடக் கொடுக்கும் கடன் அதிகம் என்பதும் ஒரு வாதம். புள்ளிவிவரம் சரி, மாநிலத்தின் கடன்-வைப்பு விகிதம் 100 சதவீதத்துக்கு மேல். ஆனால் அந்தக் கூட்டுத்தொகைக்குள் பெரிய ஆலைகளின் கடனும் இருக்கிறது, மலைபோல் நகைக்கடனும் இருக்கிறது. தாலிக்கொடியை வைத்து வாங்கிய பணத்தில் கடைக்குச் சரக்கு போட்டால் அது வீட்டு நகையின்மேல் கிடைத்த கடன். தொழிலை நம்பி வங்கி கொடுத்தது என்று அதை எண்ணக் கூடாது. யு.கே. சின்ஹா தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 2019-ல் மதிப்பிட்டபடி, நாட்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்குத் தேவைப்பட்டும் கிடைக்காத கடன் 20 முதல் 25 லட்சம் கோடி ரூபாய்.

┃ பெட்டிச் செய்தி: பிரிட்டன் என்ன செய்தது?
┃ 2015 தொடக்கத்திலிருந்து பிரிட்டனில் மூடப்பட்ட வங்கிக் கிளைகள் 6,000-க்கும் மேல். ஈழத்தமிழர்கள் பலர் சிறு கடைகள் நடத்தும் நாடு அது.
┃ 2024 செப்டம்பர் 18 முதல், ஒரு கிளையை மூடுமுன் அந்த வட்டாரத்தில் ரொக்கம் போடவும் எடுக்கவும் வழி இருக்கிறதா என்று ஆராய்வது அங்கே கட்டாயம்.
┃ பல வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் பொது மையங்கள் திறக்கப்படுகின்றன. கவுன்டரை அஞ்சல் துறை நடத்துகிறது. ஒவ்வொரு வங்கியின் அதிகாரியும் முறைவைத்து வாரத்தில் ஒரு நாள் வருகிறார். 2024 டிசம்பரில் நூறாவது மையம் திறந்தது. 350 மையங்கள் என்பது அரசின் இலக்கு.
┃ இந்த விதிகள் காப்பது ரொக்கத்தை. தொழில் கடனுக்கு இப்படி ஒரு ஏற்பாடு அவற்றில் இல்லை.

வங்கியின் நியாயம்

வங்கிகளின் தரப்பும் கேட்கப்பட வேண்டியது. ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு கிளை, இரண்டு வாடகை, இரண்டு பெட்டகம், இரண்டு காவலாளி என்றால் அது மக்கள் பணத்தின் விரயம்தான். ஒவ்வொரு கிளையையும் என்றென்றும் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் இந்தச் சிக்கனம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் மொத்த வாராக்கடன் 14.6 சதவீதத்தைத் தொட்டது. அந்தப் பள்ளத்தில் பெரும்பகுதி இரும்பு, மின்சாரம், சாலை எனப் பெருநிறுவனங்களுக்குக் கொடுத்த கடனால் விழுந்தது. அதை அடைக்கும் செலவில் ஒரு பங்கு இப்போது கடைவீதியின் தலையில் ஏறுகிறது. இதை நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

கிளையைத் திறந்து வைத்திருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. பல வங்கிகளில் கடன் அனுமதி மாவட்டத் தலைநகரத்துக் கடன் மையங்களுக்குப் போய்விட்டது. மேனேஜர் மனுவை வாங்கி அனுப்புபவராகச் சுருங்கிவிட்டார். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல், மூன்று நான்கு பேர் மட்டுமே வேலை செய்யும் கிளை, இன்ஷூரன்ஸ் விற்க வேண்டிய இலக்கு என்றிருக்கையில், பட்டறையை எட்டிப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? கிளையைப் பாதுகாப்பது என்று சொன்னால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் குறைந்தபட்சம் 10, 15 லட்சம் ரூபாய்த் தொழில் கடனையாவது தானே முடிவு செய்யும் அதிகாரத்தையும், ஊரைத் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பதவிக் காலத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பாதுகாப்பு இருக்கிறது, வேறிடத்தில்

ரிசர்வ் வங்கியின் இப்போதைய விதியின்படி, கிராமத்துக் கிளையை மூடவோ, சிற்றூர் ஒன்றின் ஒரே வங்கிக் கிளையை மூடவோ, கலெக்டர் தலைமையிலான மாவட்ட ஆலோசனைக் குழு போன்ற அமைப்பின் இசைவு வேண்டும். மற்ற எல்லாக் கிளைகளையும் மூடுவது வங்கியின் விருப்பம். பத்தாயிரத்துக்கு மேல், ஒரு லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ளதைத்தான் சிற்றூர் என்று ரிசர்வ் வங்கி வகைப்படுத்துகிறது. அதாவது சந்தை கூடும் ஊர், தாலுகா ஆபீஸ் இருக்கும் ஊர், மில்லும் மண்டியும் இருக்கும் ஊர். இத்தகைய ஊர்கள் பலவற்றில் இரண்டு வங்கியாவது இருக்கும். ஆகவே பாதுகாப்பு கிடையாது. அவற்றைவிடப் பெரிய நகரங்களுக்கும் கிடையாது. வங்கியே இல்லாமல் ஓர் ஊர் போய்விடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதிய விதி இது. கடைசிக் கிளையை அது காக்கிறது. ஆனால் சிறுதொழில் கடன் சரிந்ததாக ஆய்வு காட்டும் இடங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் இருந்து அவற்றில் ஒன்று மூடப்பட்ட இடங்கள். காவல் ஒரு வாசலில் நிற்கிறது. இழப்பு வேறு வாசல் வழியாக நடக்கிறது.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பெருஞ்செலவும் இல்லை. அமெரிக்காவில் கிளையை மூட 90 நாள் முன்னறிவிப்பு சட்டப்படி கட்டாயம். அங்கே நுயெனால் அந்த ஆய்வைச் செய்ய முடிந்ததே, 1977-ன் சமூக மறுமுதலீட்டுச் சட்டத்தின்படி எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு சிறுதொழில் கடன் போனது என்று வங்கிகள் வெளியிட வேண்டியிருப்பதால்தான். இங்கே மாவட்டக் கணக்கு கிடைக்கிறது. சிறு ஊர்களின் கணக்கு பொதுவெளியில் இல்லை. ஒரு கிளை மூடப்பட்ட பிறகு அந்த ஊரின் தொழில் கடன் ஏறியதா இறங்கியதா என்பதை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் மூன்று ஆண்டுக்கு ஆலோசனைக் குழுவில் வைத்தால் போதும், வங்கிகள் கவனமாக நடக்கும். தமிழ்நாட்டில் மாநில அளவிலான வங்கியாளர் குழுவைக் கூட்டும் பொறுப்பு சென்னையிலேயே தலைமையகம் உள்ள இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிடம் இருக்கிறது. தொடங்குவதற்குத் தொலைவான இடமும் இல்லை.

அதைவிட அவசரமானது, இணைப்பு நாளன்று நடப்பது. மூடும் கிளையில் தொழில் கடன் பார்த்துவந்த அதிகாரி, ஏற்கும் கிளையில் குறைந்தது இரண்டு ஆண்டாவது அதே கணக்குகளைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில், தவணை தவறாத கடனாளியிடம் புது ஈடு கேட்கவோ வரம்பைக் குறைக்கவோ கூடாது. குறைத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இணைப்பால் செல்லாமல் போய்த் திரும்பிய பழைய காசோலைக்கு அபராதம் வசூலிக்கக் கூடாது. சிண்டிகேட் வங்கியின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் 2021 ஜூலை 1 முதலும், அலகாபாத் வங்கியின் பழைய காசோலைகள் அதே ஆண்டு அக்டோபர் 1 முதலும் செல்லாமல் போயின. பின்தேதியிட்ட காசோலையில் சரக்கு எடுக்கும் வியாபாரிக்குத் திரும்பிய ஒரு காசோலை போதும், மொத்த வியாபாரியிடம் பெயர் கெட.

இணைப்புகள் முடிந்துவிடவில்லை. தமிழகத்தில் பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019-ல் தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. 2025 மே 1 முதல் நாடு முழுவதும் 43 மண்டலக் கிராம வங்கிகள் 28 ஆகச் சுருங்கின. பொதுத்துறை வங்கிகளில் அடுத்த சுற்று பற்றிய பேச்சும் ஓயவில்லை. ஒவ்வொரு இணைப்புத் திட்டத்திலும் எத்தனை பழைய பங்குக்கு எத்தனை புதுப் பங்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊழியர்களின் சம்பளமும் பணிநிலையும் குறையக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. தொழிற்சங்கங்கள் விழிப்பாக இருப்பதால் அது இருக்கிறது. சி.சி. லிமிட் வைத்திருக்கும் தறிப்பட்டறைக்கும் அரிசி மண்டிக்கும் இரண்டாண்டுப் பாதுகாப்பு தரும் பிரிவு ஒன்றையும் அதில் சேர்க்க வேண்டும். மாவட்டச் சிறுதொழில் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையைத் தங்கள் எம்.பி.யிடமும் மாவட்ட ஆலோசனைக் குழுவிடமும் இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். திட்டம் அரசிதழில் வந்த பிறகு கொடுத்தால், அதில் ஒரு வரியும் மாறாது.